கேன்சர் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் தன்னையும் பார்த்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

"உன் உடம்பையும் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் தூங்கப் போனால் ராத்திரி இரண்டு மணி மாத்திரையை யார் கொடுப்பது, வாந்தி வந்தால் எழுந்து யார் பிடிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பார்த்துக்கொள்பவருக்கு ஒரு மணி நேர ஓய்வு கிடைக்க இரண்டே வழிதான் உண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு ஆள் வர வேண்டும், அல்லது ஒரு மணி நேர வேலை குறைய வேண்டும். தியானமும் டைரி எழுதுவதும் நல்லவைதான். ஆனால் நாலு நாளாகத் தூங்காதவரிடம் போய் அதைச் சொல்வது கொஞ்சம் கொடுமை. அதனால் இங்கே ஆளையும் நேரத்தையும் ஏற்பாடு செய்வதைத்தான் முதலில் பேசப்போகிறோம். மனசைப் பற்றிய பேச்சு அப்புறம் வரும்.

இதில் ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1999ல் வெளியிட்ட ஓர் ஆய்வு 66 வயதுக்கு மேற்பட்ட தம்பதிகளைச் சுமார் நாலு வருடம் பின்தொடர்ந்தது. உடல்நலமில்லாத துணையைப் பார்த்துக்கொண்டு, அதனால் கடும் சுமையையும் உணர்ந்தவர்களின் இறப்பு அபாயம், அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. இது கேன்சருக்கு மட்டுமான ஆய்வு இல்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. துணையைப் பார்த்துக்கொண்டாலும் சுமையாக உணராதவர்களுக்கு அந்த அபாயம் கூடவில்லை. ஆக, பார்த்துக்கொள்வது ஆளைச் சாய்ப்பதில்லை. சுமை ஏறிக்கொண்டே போய், இறக்கிவைக்க இடமில்லாமல் போவதுதான் சாய்க்கிறது.

படி 1: ஒரு வார வேலையை எழுதுங்கள்

ஏழு நாள், என்னென்ன செய்கிறீர்கள் என்று நேரத்தோடு எழுதுங்கள். மாத்திரை, குளிப்பாட்டுவது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு அலைவது, துணி, சமையல், இன்சூரன்ஸ் பேப்பர், சொந்தக்காரர்களின் போன் என்று எதையும் விடாதீர்கள். "பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்பதையும் எழுதுங்கள், அதுவும் வேலைதான்.

வாரக் கடைசியில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். நான் மட்டுமே செய்ய முடிந்தது, சொல்லிக்கொடுத்தால் வேறொருவர் செய்யக்கூடியது, செய்யாவிட்டாலும் குடி முழுகிவிடாதது. முதல் வகையில் நிறைய இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் அது சின்னதாகத்தான் இருக்கும்: நோயாளியின் உடம்பைத் தொடும் சில வேலைகள், சில பேச்சுகள், டாக்டரோடு உட்கார்ந்து எடுக்கும் முடிவுகள். மற்றதெல்லாம் பழக்கத்தால் நம் கையில் சேர்ந்துகொண்டவை.

சுமையை அளக்க ஜாரிட் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ உளவியலாளரிடமோ கேட்டால் போட்டுத் தருவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுப் பார்த்தால், "எல்லாம் சமாளிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்று நீங்கள் சொல்வது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும்.

படி 2: முதலில் தூக்கம்

மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நிலையில்தான் மருந்தின் டோஸை அளக்கிறோம், நோயாளியை ஏற்றிக்கொண்டு வண்டியும் ஓட்டுகிறோம்.

வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் ராத்திரியை இரண்டாக வெட்டுங்கள். பத்து மணியிலிருந்து மூன்று வரை ஒருவர், மூன்றிலிருந்து எட்டு வரை மற்றவர். முறை இல்லாதவர் வேறு அறையில், கதவை மூடிக்கொண்டு படுக்க வேண்டும். ஒரே அறையில் "நான் பார்த்துக்கறேன், நீ தூங்கு" என்பது நடக்காத காரியம். ஒரு இருமல் கேட்டால் இரண்டு பேருமே எழுந்துவிடுவார்கள். வேறு ஆளே இல்லையென்றால் வாரத்தில் இரண்டு ராத்திரிக்காவது ஒரு உறவினரையோ சம்பளத்துக்கு ஒருவரையோ ஏற்பாடு செய்யப் பாருங்கள். பகலில் உதவிக்கு வருவதாகச் சொல்பவரிடம், "பகல் வேண்டாம், சனிக்கிழமை ராத்திரி வர முடியுமா?" என்று கேட்கலாம்.

பலர் கவனிக்காத பாதி ஒன்று உண்டு. உங்கள் தூக்கம் பெரும்பாலும் நோயாளியின் தூக்கத்தில்தான் இருக்கிறது. அவரை ராத்திரி எழுப்புவது எது என்று ஒரு வாரம் குறித்து, அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள்.

கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் போட்டால் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். காலையிலேயே கொடுத்துவிடலாமா என்று கேளுங்கள். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைக்கும் இதே கேள்விதான். வலியால் எழுகிறார் என்றால், விடியும் வரை தாங்கும் நீண்ட நேர வலி மருந்து கேளுங்கள். மார்ஃபின் வகை மருந்து எடுப்பவருக்கு மலச்சிக்கல் ஏறக்குறைய நிச்சயம் என்பதால் அதற்கான மருந்தும் கூடவே வேண்டும், இல்லையென்றால் வயிற்று வலியே எழுப்பிவிடும். நேரத்தையோ அளவையோ நீங்களாக மட்டும் மாற்ற வேண்டாம். பாத்ரூமுக்காக எழுகிறார் என்றால் கட்டில் பக்கத்திலேயே ஒரு யூரினல் அல்லது கமோடு நாற்காலி. கூப்பிடுவதற்கு ஒரு மணி. மணி அடித்தால் எழுவோம் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், காதைத் தீட்டிக்கொண்டு படுப்பது நின்றுவிடும்.

படி 3: கைமாற்றும் நோட்டு

உதவிக்கு ஆள் வந்தும் நாம் வெளியே போகாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எல்லாம் நம் தலைக்குள் இருக்கிறது, வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தாளில் இறக்கிவையுங்கள்.

முதல் பக்கத்தில் மருந்துப் பெயர், அளவு, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, கொடுத்ததும் டிக் போட ஒரு கட்டம். இரண்டாவது பக்கத்தில் எப்போது யாருக்குப் போன் செய்வது. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். மருத்துவமனையைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கக் கூடாது. தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் பொதுவாக கீமோவுக்குப் பிறகு 7 முதல் 14 நாளுக்குள் மிகவும் குறையும், தொற்று வந்தால் சில மணி நேரத்திலேயே மோசமாகலாம். மூச்சுத்திணறல், நிற்காத ரத்தப்போக்கு, திடீர்க் குழப்பம், தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது ஆகியவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாவது பக்கம் அவருடைய சுபாவத்துக்கு: தலையணை எத்தனை, எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, எதற்குக் கோபம் வரும்.

முதல் தடவை நோட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்து அறையிலேயே இருங்கள். அடுத்த தடவை ஒரு மணி நேரம் வெளியே. பிறகு அரை நாள். வந்தவர் உங்களைப் போலவே செய்ய மாட்டார், போர்வையை வேறு மாதிரி மடிப்பார். மருந்து சரியாகப் போயிருந்தால் மீதியை விட்டுவிடுங்கள்.

"என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்பவர்களிடம், கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். படி 1ன் பட்டியலில் இரண்டாவது வகை இருக்கிறதே, அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுங்கள். "செவ்வாய்க்கிழமை காலையில் பிளட் டெஸ்ட்டுக்கு அழைத்துப்போக முடியுமா?" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேட்டால் முடியும், முடியாது என்று பதில் தெளிவாக வரும். தூரத்தில் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ இன்சூரன்ஸ், பில், அப்பாயின்ட்மென்ட் புக் செய்வது ஆகியவற்றை முழுதாக ஒப்படைத்துவிடலாம். தினமும் போன் செய்து "ஏன் அப்படிச் செய்யலை, இப்படிச் செய்யலை" என்று கேட்பவருக்கு ஒரு பொறுப்பு கொடுத்தால் அறிவுரை தானாகக் குறையும்.

தகவல் சொல்லும் வேலையையும் ஒரே ஒருவரிடம் கொடுங்கள். ஸ்கேன் ரிசல்ட்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லிச் சொல்லி ஆறுதல்படுத்துவது, அந்தச் செய்தியை அத்தனை தடவை புதிதாகக் கேட்பதற்குச் சமம்.

நோயாளியே வேறு ஆள் வேண்டாம் என்று சொன்னால்? இது நிறைய வீடுகளில் நடக்கிறது. அவருடைய பயம் நியாயமானது: வெட்கம் இருக்கும், நீங்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்ற கலக்கம் இருக்கும். அவரோடு வாதாட வேண்டாம். எந்த வேலைக்கு நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும், எதற்கு மற்றவர் வந்தால் பரவாயில்லை என்று அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். குளிப்பாட்ட நீங்கள், பேப்பர் படித்துக்காட்ட பக்கத்து வீட்டுக்காரர் என்று ஏதோ ஒரு உடன்பாடு வரும்.

படி 4: உங்கள் உடம்புக்கும் ஒரு ஃபைல்

அவருக்கு ஒரு தடித்த ஃபைல் இருக்கிறது. உங்களுக்கும் ஒன்று போடுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அடுத்த செக்கப் தேதி, தள்ளிப்போட்ட பல் வலி, விட்டுப்போன மார்பக அல்லது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எல்லாம் அதில் வரட்டும். அவருக்கு மருந்து கொடுக்கும் நேரத்திலேயே உங்களுடையதையும் போட்டுக்கொண்டால் மறக்காது. டப்பா மட்டும் வேறு நிறத்தில், வேறு இடத்தில் இருக்கட்டும். அவர் மருந்து உங்கள் வாய்க்கோ, உங்கள் மருந்து அவர் வாய்க்கோ போய்விடக் கூடாது.

கீமோ மருந்து உடம்பிலிருந்து சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறும். பொதுவாக 48 மணி நேரம், சில மருந்துகளுக்கு அதற்கு மேலும். அந்த நாட்களில் இவற்றைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்பால் கை கழுவுங்கள். டாய்லெட் மூடியை மூடி இரண்டு தடவை ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள், கறைபட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள். கீமோ மாத்திரையை வெறும் கையால் தொடவோ உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த வேலையை வேறு ஆளிடம் விட வேண்டும். வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கும் ரேடியேஷனால் நோயாளியின் உடம்பில் கதிர்வீச்சு தங்காது. கட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் படுக்கலாம். கதிரியக்க அயோடின் போல உள்ளே கொடுப்பது வேறு கதை. எத்தனை நாள் எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று எழுதித் தருவார்கள், அதன்படி நடங்கள்.

முதுகுதான் முதலில் போகும். தூக்குவதற்கு முன் அவரிடம் "மூன்று எண்ணுகிறேன்" என்று சொல்லுங்கள், அவரும் கொஞ்சம் பலம் கொடுப்பார். முழங்காலை மடக்குங்கள், அவரை உங்கள் உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், இடுப்பைத் திருப்பாமல் பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். உங்கள் கழுத்தைப் பிடித்து எழ விடாதீர்கள். கட்டிலில் மேலே நகர்த்த, அவருக்கு அடியில் ஒரு மடித்த பெட்ஷீட்டைப் போட்டு இரண்டு பேராக இழுப்பது சுலபம். நடக்கும்போது சரிந்தால் முழு எடையையும் தாங்க முயலாமல், உங்கள் உடம்பில் சாய்த்து மெதுவாகத் தரையில் உட்கார வையுங்கள். பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரத்தில் இதையெல்லாம் செய்து காட்டுவார். கேட்காமல் யாரும் காட்ட மாட்டார்கள்.

உங்களுக்குச் சளி, காய்ச்சல் என்றால் மாஸ்க் போட்டு, முடிந்தால் அன்றைக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டு தள்ளி இருங்கள். ஃப்ளூ தடுப்பூசி வீட்டில் எல்லோருக்கும் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை, அவர் மிச்சம் வைத்ததை நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வதை நிறுத்தி, ஒரு வேளையாவது தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

படி 5: டாக்டரிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள்

அடுத்த விசிட்டில், நோயாளியைப் பற்றிய கேள்விகளுக்குப் பிறகு, "வீட்டில் நான் ஒருத்திதான். ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்குகிறேன். என்ன செய்யலாம்?" என்று நேராகக் கேளுங்கள். இது புகார் ஆகாது. வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் சிகிச்சையையே அவர்கள் சரியாகத் திட்டமிட முடியும்.

அந்தப் பேச்சில் வலி தணிப்புச் சிகிச்சை பற்றியும் கேளுங்கள். பாலியேட்டிவ் கேர் என்ற பெயரைக் கேட்டதுமே கடைசிக் கட்டம் என்று பதறுகிறோம். நோயின் எந்தக் கட்டத்திலும், கேன்சர் சிகிச்சை நடக்கும்போதே, கூடச் சேர்த்துக் கொடுப்பது அது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையிலேயே நோயாளியோடு குடும்பமும் இருக்கிறது. முற்றிய கேன்சர் உள்ளவர்களின் குடும்பத்தினரிடம் நடத்தி 2015ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், நர்ஸ்கள் போன் வழியாகவே பார்த்துக்கொள்பவர்களுக்கு வழிகாட்டினார்கள். அந்த உதவியை உடனே பெற்றவர்களுக்கு, மூன்று மாதம் கழித்துத் தொடங்கியவர்களைவிட மனச்சோர்வு குறைவாக இருந்தது. சீக்கிரம் கேட்பதில் ஆதாயம் உண்டு.

வேலைக்குப் போகிறவர்கள் விடுமுறை, பாதி நேர வேலை பற்றி அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முழுதாக ராஜினாமா செய்வதைக் கடைசி வழியாக வையுங்கள்.

படி 6: வெளியே சொல்ல முடியாத எண்ணங்கள்

அவர் மேல் எரிச்சல் வரும். நல்ல ஆரோக்கியத்தோடு சுற்றுலா போகிறவர்கள் மேல் பொறாமை வரும். "இது எப்போதடா முடியும்" என்று ஒரு நாள் தோன்றும், அடுத்த நொடியே நாமா இப்படி நினைத்தோம் என்று உடம்பு கூசும். இந்த எண்ணங்கள் பார்த்துக்கொள்பவர்களுக்கு மிகச் சாதாரணம். கஷ்டம் முடிய வேண்டும் என்று மனசு கேட்கிறது, அவர் போக வேண்டும் என்று கேட்கவில்லை.

ஆள் இருக்கும்போதே துக்கம் தொடங்கிவிடுவதும் உண்டு. எரிக் லிண்டெமன் என்ற மனநல மருத்துவர் 1944லேயே இந்த முன்கூட்டிய துக்கத்தைப் பற்றி எழுதினார். பழைய அப்பாவை, பழைய மனைவியைத் தேடி அழுவதால் நம்பிக்கையைக் கைவிட்டதாக ஆகாது.

ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் அவர் சுள்ளென்று விழுவார். கொஞ்சம் மருந்து, கொஞ்சம் பயம். நாள்காட்டியில் ஸ்டீராய்டு நாட்களைக் குறித்து வைத்தால், அந்த நாட்களில் சொன்ன வார்த்தையை மனசில் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பது கொஞ்சம் எளிது.

உங்கள் புலம்பலை யாரிடம் சொல்வது? சூசன் சில்க் என்ற உளவியலாளர், பாரி கோல்ட்மேனோடு சேர்ந்து 2013ல் ஒரு யோசனை சொன்னார். நோயாளி நடுவில், அவரைச் சுற்றி நெருங்கியவர்கள், அதற்கு வெளியே மற்றவர்கள் என்று வட்டங்கள் வரையுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு ஆறுதல் மட்டும், புலம்பல் எப்போதும் வெளிவட்டத்தை நோக்கி. எனக்கு இதில் ஒரு சின்ன முரண்பாடு உண்டு. பல வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதி ஒருவரிடம் ஒருவர் பயத்தை முழுதாக மறைத்தால் இருவரும் தனியாகிவிடுகிறார்கள். "எனக்கும் பயமாகத்தான் இருக்கு" என்று ஒரு தடவை சேர்ந்து அழுதுவிடலாம். தினசரி அலுப்பைத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும்: ஒரு நண்பர், ஒரு ஆதரவுக் குழு, ஒரு கவுன்சிலர்.

சாதாரண சோர்வையும் மனச்சோர்வு நோயையும் பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போனதா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? ஒன்றுக்காவது ஆம் என்றால் ஒரு டாக்டரைப் பாருங்கள். மருந்தாலும் பேச்சு சிகிச்சையாலும் இது குணமாகும்.

சில விஷயங்களுக்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. வாழ வேண்டாம் என்ற எண்ணம், அவரை அடித்துவிடுவோமோ என்ற பயம் அல்லது கை ஓங்கியே விட்டது, அவருடைய தூக்க மாத்திரையோ வலி மருந்தோ எடுத்துப் போட்டுக்கொள்வது, குடித்தால்தான் ராத்திரி கடக்கிறது என்ற நிலை. இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஒருவரைக் கூப்பிட்டு நோயாளியை ஒப்படைத்துவிட்டு, டாக்டரிடமோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பேசுங்கள். மார்ஃபின் வகை மருந்துகளை எப்போதும் பூட்டியே வையுங்கள்.

படி 7: கட்டம் மாறும்போது ஏற்பாட்டையும் மாற்றுங்கள்

நோயைக் கண்டுபிடித்த முதல் சில வாரங்களில் வீடு நிறைய ஆள் இருப்பார்கள். எல்லா உதவியையும் அப்போதே செலவழித்துவிடாதீர்கள். ஆறாவது கீமோவின்போது யாரும் இருக்க மாட்டார்கள், அதற்கான தேதிகளை முதல் வாரத்திலேயே பங்கிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் வேறு பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாட்களில் எப்படியும் மனசு ஓடாது.

சிகிச்சை முடிந்ததும் எல்லோரும் வாழ்த்துவார்கள். அதுவரை ஓடிய உடம்பு சரியாக அப்போதுதான் படுக்கும். காய்ச்சல் வரும், காரணமில்லாத அழுகை வரும், ஒவ்வொரு இருமலுக்கும் நோய் திரும்பிவிட்டதோ என்று அடிவயிறு கலங்கும். இழப்பில் முடிந்தவர்களுக்கு இன்னொன்றும் சேரும்: ஒரு நிம்மதி, அந்த நிம்மதிக்காக ஒரு குற்ற உணர்ச்சி. இரண்டும் ஒன்றாகவே இருக்கும். துக்க கவுன்சிலிங் பெரும்பாலும் அதே வலி தணிப்புக் குழுவிடமே கிடைக்கும், கேளுங்கள்.

எந்த முடிவாக இருந்தாலும், அதற்கடுத்த இரண்டு வாரத்துக்குள் உங்கள் பெயரில் ஒரு முழு செக்கப் புக் செய்யுங்கள். உதவிக்கு வந்தவர்களை இன்னும் ஒரு மாதம் வரச் சொல்லுங்கள், இந்தத் தடவை உங்களுக்காக. அலுவலகத்துக்கு முதல் வாரமே முழு நேரம் திரும்ப வேண்டியதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும் பழக்கம் போக சில மாதங்கள்கூட ஆகலாம். அதற்கு மேலும் நீடித்தால் தூக்கத்துக்கென்றே தனியாக டாக்டரைப் பாருங்கள்.